வாயைத் திறந்தால்தான் கதை

கதையக்காவுக்கு உட்கார நேரம் கிடையாது. ஆனால் வாரத்துக்கு ஐந்து புத்தகம் அவள் கையில் புரளும். இது எப்படி முடிகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்காத ஆளில்லை. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். புத்தகத்துக்கென்று அவள் நேரம் ஒதுக்குவதே இல்லை. நேரம் எங்கெங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக் கிடக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்திலிருந்து ஐந்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். வந்ததும் வீடு முழுக்க நடந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குடிவைப்பாள். துப்பறியும் நாவல் கைப்பைக்கு. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்க அதைவிடத் தோதானது வேறு இல்லை. கொலை நடந்த வீட்டுக்குள் இருப்பவளுக்கு யார் காலை மிதித்தால் என்ன? குடும்ப நாவல் அடுப்பு மேடைக்கு. சர்க்கரை டப்பாவுக்கு முட்டுக்கொடுத்து, துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றைப் பக்கத்தில் மாட்டி நிறுத்திவிடுவாள். காய் நறுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கண் மட்டும் அங்கே இருக்கும். பேய்க்கதை வாஷிங் மெஷின் மேல். மெஷின் கடைசிச் சுற்றில் தடதடவென்று ஆடுகிறபோது கதையில் பேயும் வந்தால் அந்தச் சுகமே தனி என்பாள். கவிதைப் புத்தகம் அவள் வேலை செய்கிற இடத்துக்கு. ஐந்தாவது, தலையணைக்குப் பக்கத்தில், ஒரு கப்பல் பயணக் கட்டுரை. அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து வாரக்கணக்காகிறது. படுத்து இரண்டு வரி படிப்பதற்குள் கண் செருகிவிடுவதால் அந்தக் கப்பல் இன்னும் துறைமுகத்தை விட்டே கிளம்பவில்லை, பாவம்.

வேலை என்று சொன்னேனே, அது ஒரு பல் கிளினிக். அவள் அங்கே டாக்டரம்மாவுக்கு உதவியாள். கருவிகளைக் கிருமி போக வேகவைக்கிற மெஷின் ஒன்று உண்டு. அது வெந்து முடிகிற நேரம்தான் கவிதைக்கு. மற்ற நேரமெல்லாம் டாக்டரம்மாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிப்பாள். அப்படிப் பிடித்துக்கொண்டே கதை சொல்வாள்.

அந்த நாற்காலியில் சாய்ந்தால் சிங்கம்கூட எலிதான். மரத்துப்போக வைக்கிற ஊசியைப் பார்த்ததும் கைகால் உதறும். அப்படி உதறிய ஒருவரைச் சமாதானப்படுத்தத்தான் முதன்முதலாக அன்றைக்குப் பஸ்ஸில் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்பவர் வாயைப் பிளந்தபடி கிடக்கிறார். எழுந்து போக முடியாது, குறுக்கே பேச முடியாது, கொட்டாவி விட்டாலும் தெரியாது. கதை சொல்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நோயாளிகள் வைத்த பெயர்தான் கதையக்கா.

டாக்டரம்மா சிக்கனமான ஆள். "திறங்க", "துப்புங்க", "மூடுங்க" என்கிற மூன்று வார்த்தையில் ஒரு நாளை ஓட்டிவிடுவார். அவரே ஒருநாள் வாய்திறந்து, "நீ வந்ததுக்கப்புறம் யாரும் பாதியில ஓடறதில்ல" என்றார். உண்மைதான். பல் வேரைச் சுத்தம் செய்து அடைக்கிற ரூட் கேனால் என்றால் மூன்று தடவை வரவேண்டும். இரண்டாவது தடவையிலேயே வலி பறந்துவிடும். வலி போனதும் ஆளும் போய்விடுவார். மூடாமல் விட்ட பல் உள்ளுக்குள்ளேயே கெட்டு, அப்புறம் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. கதையக்கா அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். முதல் தடவை கொலை. இரண்டாவது தடவை சந்தேகம். கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டுமா, மூன்றாவது தடவை ஒழுங்காக வந்து வாயைத் திற.

இதில் அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. படித்து முடித்த புத்தகத்தைச் சொல்ல மாட்டாள். "முடிஞ்ச கதையைச் சொன்னா எனக்கே சப்புன்னு இருக்கு, அவங்களுக்கு எப்படி இருக்கும்?" என்பாள். அந்த வாரம் பஸ்ஸில் எதைப் படிக்கிறாளோ அதுதான் அந்த வாரத்துக் கதை. நோயாளியைவிட இரண்டு அத்தியாயம் முன்னால் இருந்தால் போதும் என்பது அவள் தைரியம். அந்தத் தைரியம்தான் இந்த வாரம் அவளைக் கவிழ்த்தது.

இந்த வாரம் நாற்காலியில் வந்து சாய்ந்தது அவளுடைய மாமனார்.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, காற்றில் ஆடுகிற சுமையைக் கப்பலுக்குள் பூப்போல இறக்கியவர். அந்த உயரத்துக்கு அசராத மனுஷன் பல் நாற்காலி இரண்டு அடி சாய்ந்தால் நடுங்குவார். பல வருஷத்துக்கு முன்னால் இடப்பக்கத்துப் பல் ஒன்றுக்கு வைத்தியம் ஆரம்பித்து, வலி நின்றதும் பாதியில் ஓடியவர்தான் அவரும். அது போய், அதன் பக்கத்தில் இருந்தது போய், இப்போது இடப்பக்கம் மேலும் கீழும் மழுமழுவென்று வெறும் ஈறு. மிச்சமிருப்பது வலப்பக்கம் மட்டும். அதிலும் கடிப்பதற்கென்று இருந்த கடவாய்ப்பல் ஒன்றுதான். அதுவும் போனால் கஞ்சிதான் கதி. அவருக்கு உயிரான வறுத்த கடலையை இனி கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே வீட்டில் இருந்தாலும் மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சு அதிகம் இல்லை. சண்டையும் இல்லை. "சாப்பிட்டீங்களா மாமா?" "ம்." "மாத்திரை போட்டாச்சா?" "ம்." அதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள். மகன், அதாவது அவளுடைய வீட்டுக்காரர், ரொட்டி ஆலையில் ராத்திரி வேலை பார்ப்பவர், பகலில் தூங்குகிறவர். மிச்ச நேரத்தில் மாமனார் பால்கனியில் செய்தித்தாளும் தானுமாக உட்கார்ந்து, "இது வீடா, புத்தகக் கடையா? ஒரு டம்ளரை வைக்க இடம் இருக்கா?" என்று காற்றிடம் முறையிடுவார். காற்றுதான் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை கதையக்கா அவரை இழுக்காத குறையாகப் பஸ்ஸில் ஏற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்த மனுஷன் அவளுடைய கைப்பையைப் பிடித்த பிடியை விடவில்லை. பைக்குள்ளே துப்பறியும் நாவல். அதை எப்படி எடுப்பாள்? அன்றைய அத்தியாயம் போயிற்று.

ஆனாலும் ஆரம்பம் கையில் இருந்தது. நாற்காலி சாய்ந்தது, மாமனார் கண்ணை இறுக்கி மூடினார், அவள் தொடங்கினாள்.

"மலைப்பாதையில ஒரு லாட்ஜ் மாமா. நல்ல மழை. நாலு பேர் தங்கியிருக்காங்க. ஒரு போட்டோக்காரன், அங்கயே மாசக்கணக்கா தங்கியிருக்கிற ஒரு கணக்குப்பிள்ளை, இன்னொரு ஆள், அப்புறம் ஒரு கடிகார வியாபாரி. காலையில வியாபாரியோட கதவைத் தட்டினா திறக்கல. உடைச்சுப் பார்த்தா ஆள் செத்துக் கிடக்கறார். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு."

மாமனாரின் ஒரு கண் திறந்தது. ஊசி இறங்கியது அவருக்குத் தெரியவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் தானாகவே வாயைத் திறந்தார். "தாழ்ப்பாளை எப்படிம்மா உள்ள போட்டிருப்பான்?" என்றார். கதையக்கா பாத்திரம் கழுவியபடி, கண்ணைக் குடும்ப நாவலில் வைத்தபடி, "புதன்கிழமை வாங்க மாமா, சொல்றேன்" என்றாள். உள்ளுக்குள் குஷி. மீன் தூண்டிலில் மாட்டிக்கொண்டது.

புதன்கிழமையும் மாமனார் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார், பையைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை படித்த ஒரே ஓர் அத்தியாயம்தான் இருப்பு. சரி, சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பல்லின் வேர் ஒன்று வளைந்து கிடந்தது. டாக்டரம்மா நெற்றி சுருங்க, மெல்லிய கருவியை மாற்றி மாற்றி உள்ளே விட்டார். நேரம் இழுத்துக்கொண்டே போனது. தாழ்ப்பாளை நூல் கட்டி வெளியிலிருந்து இழுத்த விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது, லாட்ஜ் முதலாளியையும் சேர்த்து நாலு பேர் மேலும் சந்தேகம் வந்தாகிவிட்டது, கதை தீர்ந்துபோனது. டாக்டரம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. கதையக்கா நிறுத்தியதும் மாமனாரின் கை நாற்காலிப் பிடியை இறுக்க ஆரம்பித்தது.

என்ன செய்வாள்? அடுப்பு மேடையிலிருந்து ஆளைக் கூப்பிட்டாள். குடும்ப நாவலில் ஒரு பெரியத்தை உண்டு. ஓரமாக வந்து ஓரமாகப் போகிறவள். அவளைத் தூக்கி லாட்ஜின் சமையலறையில் போட்டாள்.

"அந்த லாட்ஜ்ல ஒரு சமையல்கார அத்தை இருக்காங்க மாமா. யார்கிட்டயும் பேச மாட்டாங்க. ஆனா சாப்பிட்ட தட்டைப் பார்த்தா ஆளைச் சொல்லிடுவாங்க. செத்தவரோட ராத்திரித் தட்டைக் கழுவ எடுத்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. ஏன்னா, அந்த வியாபாரி ரொட்டியை ஓரத்தோட சேர்த்துத் தின்னுற ஆளு. தட்டுல பார்த்தா ரொட்டி ஓரமெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கு. அப்படின்னா, அவரோட அந்தத் தட்டுல வேற யாரோ சாப்பிட்டிருக்காங்க."

டாக்டரம்மாவின் கை ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. மாமனார் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து அவளையே பார்த்தார். கதையக்காவுக்கு வெறி பிடித்துவிட்டது. "அத்தை தட்டைக் கழுவல. மூடி எடுத்து வச்சாங்க. எல்லார்கிட்டயும் போய், நாளைக்குக் காலையில எல்லாரும் என் கையால ரொட்டி சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொன்னாங்க" என்று முடித்தாள். டாக்டரம்மாவும் "மூடுங்க" என்றார்.

வெளியே வந்ததும்தான் மாட்டிக்கொண்டது உறைத்தது. புத்தகத்தில் அத்தை கிடையாது, காலைச் சாப்பாடு கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் இதை எங்கே கொண்டுபோய் முட்டவைப்பது? வீட்டுக்குப் போனதும் மீதியைப் படித்து எப்படியாவது ஒட்டுப்போட்டுவிடலாம் என்று பையைத் திறந்தாள். புத்தகத்தைக் காணோம்.

அன்று ராத்திரியும் வியாழக்கிழமை சாயங்காலமும் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். இரண்டாவது தடவை தேடும்போது வேறு கூத்துகள் கண்ணில் பட்டன. வாஷிங் மெஷின் மேல் இருந்த பேய்க்கதை ஜன்னலோரம் கிடந்தது. விரித்தால் உள்ளே கடலைத் தோல். அடுப்பு மேடை நாவலில் கிளிப் வேறு பக்கத்தில் மாட்டியிருந்தது. கட்டிலில் பார்த்தால், ஒரு மாதமாகத் துறைமுகத்தில் நின்ற கப்பலின் அடையாளச் சீட்டு புத்தகத்தின் முக்கால் பாகத்தைத் தாண்டியிருந்தது.

"ஏங்க, என் புத்தகத்தையெல்லாம் கலைச்சு வச்சிருக்கீங்களே, நியாயமா? கடலையைத் தின்னுட்டு கையைக்கூடத் துடைக்க மாட்டீங்களா?" என்று வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மேல் பாய்ந்தாள்.

"நானா? தூங்கவே நேரமில்ல, இதுல பேயைப் போய் நான் ஏன் படிக்கறேன்?" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தப்பித்தார். பால்கனியில் செய்தித்தாள் விரிந்தே இருந்தது. 

அதே சாயங்காலம் மாமனார் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நாளைக்கு நான் வரலம்மா."

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க? நாளைக்குத்தான் கடைசி. உள்ள நிரப்பி மூடணும்."

"வலி சுத்தமா இல்ல. இல்லாத வலிக்கு எதுக்கு வைத்தியம்?"

"இதே பேச்சைப் பேசித்தானே இடப்பக்கம் மொத்தத்தையும் இழந்தீங்க! இதுவும் போச்சுன்னா எதை வச்சுக் கடிப்பீங்க?"

"போனா போகுது, போ" என்று செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். அந்தப் பிடிவாதத்தைக் கிரேன் வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.  கொலைகாரன் யார் என்று தெரியாமல் இவருக்குத் தூக்கம் வராது, காலையில் தானாகக் கிளம்புவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பால்கனியைப் பெருக்கப் போனவள் செய்தித்தாளை மடிக்க எடுத்தாள். அடியில் துப்பறியும் நாவல். கடைசிப் பக்கத்தில் மாமனாரின் மூக்குக்கண்ணாடி.

அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எத்தனையோ பேரைக் கதையால் கட்டி இழுத்து வந்து பல்லைக் காப்பாற்றியவள், சொந்த மாமனாரை விட்டுவிட்டாள். மனுஷன் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டார். இனி அந்த நாற்காலியில் அவருக்கு என்ன இருக்கிறது? மாமனார் குளியலறையில் இருந்தார். கதவுக்கு வெளியே நின்று, "மாமா, உங்க நேரம் பதினோரு மணி. நான் முன்னாடி போறேன். மனசு வந்தா வாங்க" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. படிக்கப் புத்தகமில்லை. பால்கனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். எடுத்துவர மனசே வரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க வெளியே பார்த்தாள்.

பதினோரு மணிக்கு நாற்காலி காலியாக இருந்தது. டாக்டரம்மா கையுறையைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார், கதையக்காவைப் பார்த்தார். மெஷினில் கருவிகள் வெந்துகொண்டிருந்தன. கவிதைப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. ஒரு வரிகூட ஏறவில்லை.

"அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள். அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. மாமனார். தோளில் துணிப்பை ஒன்று கனமாகத் தொங்கியது. தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

நேராக உள்ளே வந்து பையை நாற்காலி மேல் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். துப்பறியும் நாவல். பேய்க்கதை. குடும்ப நாவல், கிளிப்போடு. கப்பல்.

"அந்த அத்தை எங்கம்மா?" என்றார்.

கதையக்கா முழித்தாள். திருட்டு முழி.

"பஸ்ஸுல உன் பையிலிருந்து எடுத்து முழுப் புத்தகமும் படிச்சேன். கொலைகாரன் அந்த போட்டோக்காரன், அது கிடக்கட்டும், அதை நான் பாதியிலயே கண்டுபிடிச்சுட்டேன். அத்தையைக் காணோம். ஒரு பக்கத்துலகூட இல்ல. சரி, நீதான் அஞ்சாறு புத்தகத்தை ஒண்ணாப் படிக்கிறவளாச்சே, மாத்திச் சொல்லியிருப்பன்னு பேய்க்கதையைப் பார்த்தேன். அதுலயும் இல்ல. கப்பல்ல தேடப் போனேன், அது எனக்குப் பழகின இடமாச்சா, விட முடியல. கடைசியா அடுப்படிப் புத்தகத்துல பிடிச்சேன். ஆனா இவ அவ இல்ல. இந்த அத்தை சும்மா பாத்திரம் கழுவுறா, அவ்வளவுதான். தட்டையெல்லாம் பார்க்கல."

"அவங்களை நான்தான் கொண்டுவந்து விட்டேன் மாமா. கதை தீர்ந்துபோச்சு. டாக்டர் முடிக்கல. தட்டைப் பார்க்கிற விஷயம் வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

"அப்ப அது நீயா சொன்னதா?"

"ஆமா மாமா."

மாமனார் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். கப்பல் புத்தகத்தை எடுத்து அட்டையைத் தடவினார். அப்புறம் நிமிராமலேயே சொன்னார்.

"நான் ரொட்டி ஓரத்தை ஒதுக்கி வைக்க ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சும்மா."

 ஒரு மாதமாக அந்தத் தட்டைக் கதையக்காதான் கழுவினாள். காலையும் ராத்திரியும் கையால் தள்ளி, தண்ணீர் விட்டு, துடைத்துக் கவிழ்த்தாள். கண் மட்டும் கிளிப் போட்ட பக்கத்தில் இருந்தது. ஊரில் இருக்கிற வாயெல்லாம் பார்க்கிறவள், வீட்டில் இருந்த ஒரு வாயைப் பார்க்கவில்லை. கன்னம் வீங்கிய பிறகுதான் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. நான் பார்த்திருக்கணும். பல்லு வலிக்குதுன்னு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எங்க சொல்றது? உன் காலுல சக்கரம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த அறையில இருக்க. அந்தத் திங்கட்கிழமைதான் முழுசா ஒரு மணிநேரம் என் பக்கத்துல நின்னு பேசின. எனக்கு ஊசி குத்தினதே தெரியல" என்றார். அப்புறம் அவள் கண் கலங்குவதைப் பார்த்துப் பதறிவிட்டார். "அட, அழறியா? குழாயைப் பிடிக்கிற கையில கண்ணைத் தேய்க்காதே. நான் ஒண்ணும் குத்தம் சொல்ல வரல. சுமையை நடுவானத்துல தொங்க விட்டுட்டுக் கீழ இறங்கினவன் நான் இல்ல. அந்தக் காலைச் சாப்பாடு என்னாச்சு? அதைச் சொல்லு. நான் வாயைத் திறக்கறேன்."

"இன்னும் யோசிக்கவே இல்ல மாமா."

டாக்டரம்மா விளக்கை இழுத்து மாமனாரின் முகத்துக்கு நேராக வைத்தார். "யோசி. ரெண்டு நாளா நானும் கேட்கக் காத்திருக்கேன்" என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

நாற்காலி சாய்ந்தது. மாமனார் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கதையக்கா குழாயை எடுத்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"காலையில மழை விட்டிருக்கு மாமா. அத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி ரொட்டி சுட்டு வைக்கிறாங்க. ஓரம் நல்லா முறுகலா. யாரும் யார் முகத்தையும் பார்க்கல. சாப்பிடற சத்தம் மட்டும்தான். அத்தை கதவோரமா நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டிருக்காங்க..."

சொல்லச் சொல்ல வந்தது. புத்தகமே இல்லாமல் கதை சொல்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை. எங்கே போகிறோம் என்று அவளுக்கும் தெரியாது, படுத்திருந்தவருக்கும் தெரியாது. அதனால் இரண்டு பேருக்கும் ஒரே ஆவல். அத்தை முதல் தட்டை எடுத்தாள். அது போட்டோக்காரனுடையது. ஓரம் ஒன்றுகூட மிச்சமில்லை. இரண்டாவது தட்டு லாட்ஜ் முதலாளியுடையது. அதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நாற்காலிப் பிடியைத் தட்டிக்கொண்டிருந்த மாமனாரின் கட்டைவிரல் ஆடாமல் நின்றது. அத்தை நாலாவது தட்டுக்குக் கையை நீட்டினாள்...

"முடிஞ்சது. மூடுங்க" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்பட்டவர் போலக் கையுறையோடு அப்படியே நின்றார். "நல்லா மூடிட்டேன். மரத்தது போனதும் பழையபடி கடிக்கலாம். மேல பல்லுக்கு மூடி மாதிரி ஒரு கேப் மட்டும் அப்புறமா போடணும்."

நாற்காலி நிமிர்ந்தது. மாமனார் எழவில்லை.

"எழுந்திரிங்க மாமா, அடுத்தவங்க காத்திருக்காங்க."

மரத்துப்போன உதட்டோடு மாமனார் இடப்பக்கக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "டாக்டர், இந்தப் பக்கமும் கொஞ்சம் பார்த்துடுங்களேன்."

"அந்தப் பக்கம் பல்லே இல்லையே!"

"இல்லாட்டி என்ன, பார்த்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் முன்னறையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பல் டாக்டருக்கும் பல் உண்டு என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. "அரைநாள் லீவு எடுத்துக்க. கதையை முடிச்சுட்டு நாளைக்கு வந்து எனக்கும் சொல்லு" என்று கதையக்காவை அனுப்பிவைத்தார்.

பஸ் மத்தியான வெயிலில் காலியாக வந்தது. மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். துணிப்பையில் இப்போது ஐந்து புத்தகம். மெஷின் பக்கத்தில் கிடந்த கவிதையையும் "இது ஒண்ணுதான் பாக்கி" என்று எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கதையக்கா பையை வாங்கிக் காலடியில் வைத்தாள். எதையும் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவே இல்லை.

"நாலாவது தட்டு யாரோடது தெரியுமா மாமா? கணக்குப்பிள்ளையோடது. அதுலயும் ஓரம் இல்ல. தட்டே பளபளன்னு இருக்கு."

"அப்ப எப்படிம்மா கண்டுபிடிப்பா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டுமா?"

"வீட்ல சொன்னா நீ நடந்துக்கிட்டே சொல்லுவ. எனக்கு இங்கயே இப்பவே சொல்லு" என்றார் மாமனார். சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, வாயை ஆவென்று பிளந்தார்.

"ஐயோ மாமா, இது பஸ்ஸு! எல்லாரும் பார்க்கறாங்க. வாயை மூடுங்க!"

மூடவில்லை. கண்ணால் மட்டும் சொல்லு என்றார். எதிர்ச் சீட்டுக்காரர் பையைத் தள்ளி வைத்துக்கொண்டு இன்னொரு இடத்துக்கு மாறினார். கதையக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் அவர் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, மிச்சமிருந்த ஒற்றைக் கடவாய்ப்பல்லைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அத்தை அங்க எத்தனையோ நாளா தட்டு கழுவுறாங்க மாமா. அந்தக் கணக்குப்பிள்ளை ஒருநாள்கூட ஓரத்தைத் தின்னது கிடையாது. அன்னிக்கு மட்டும் ஏன் தின்னான்?"